காமிராவா, கண்ணா? – இரண்டு பொய்களுக்கும் ஒரே பதில்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பொருள் கிடையாது என்பார்கள். துருப்பிடித்த மோட்டார், உடைந்த நாற்காலி, ரோஜாச் செடி, கோழிக்குஞ்சு, பழைய ரேடியோ. இவற்றுக்கு நடுவே தார்ப்பாயின் ஓரத்தில் செத்துப்போன காமிராக்களும் குவிந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் இந்தியாவிலேயே தயாராகி, நடுத்தரக் குடும்பங்களின் பெருமையாக இருந்த ஆக்ஃபா கிளிக் 3 பெட்டி, லென்ஸில் காளான் பூத்த யாஷிகா, மூடி தொலைந்த டிஜிட்டல் காமிரா எல்லாம் இன்று பழைய இரும்போடு இரும்பாகக் கிடக்கின்றன.

அங்கே சென்ற மாதம் ஒரு சம்பாஷணை காதில் விழுந்தது. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஓர் இளைஞர் அந்தக் குவியலைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் குப்பை சார். மூணு லட்சம் போட்டு ஒரு பாடி, ஒண்ணரை லட்சம் போட்டு ஒரு லென்ஸ் வாங்கினாத்தான் முகத்துல உயிர் வரும்." பக்கத்தில் நின்ற, ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் போலிருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "கருவியில என்ன தம்பி இருக்கு? எல்லாம் கலைஞனோட பார்வையில இருக்கு. உள்ளொளி உள்ளவன் கையில தீப்பெட்டியைக் குடுத்தாலும் படம் எடுப்பான்" என்றார்.

கேட்பதற்கு இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள்போல் இருக்கும். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் என்பதுதான் நம் வாதம். இளைஞர் சொன்ன பொய்யைக் கம்பெனிகள் விற்கின்றன. பெரியவர் சொன்ன பொய்யை, கடன் வாங்கிப் பிழைக்க வேண்டிய அவசியம் ஒருநாளும் இல்லாதவர்கள் விற்கிறார்கள்.

தவணையில் வாங்கிய கண்

முதல் பொய்யை முதலில் பார்ப்போம். பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் கணக்கைச் சொன்னார். கல்யாணப் பேச்சுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பார்களாம். இப்போது ஆல்பத்தைத் தொடுவதில்லை. "என்ன பாடி வச்சிருக்கீங்க? ஃபுல் ஃபிரேமா?" என்பதுதான் முதல் கேள்வி. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்பதுபோலக் காமிராவுக்கு என்ன மாடல் என்று கேட்கிறார்கள். பதில் சரியில்லை என்றால் அடுத்த ஸ்டூடியோ. வேறு வழியில்லாமல் நண்பர் கடன் போட்டு வாங்கினார். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் கொஞ்சம் காசு புழங்கும். ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டூடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் தவணைக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. கடன் முடிவதற்குள் கம்பெனி அடுத்த மாடலை இறக்கிவிடுகிறது. கடனில் வாங்கியது ஒரே நாளில் பழசாகிவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், காமிரா ஏற ஏறக் கூலி ஏறவில்லை. எல்லோரும் அதே காமிராவை வைத்திருப்பதால் போட்டி முற்றி, ஆல்பத்தின் விலைதான் இறங்குகிறது. உழைப்பாளி வாங்கிய கருவி அவனுக்கு வேலை செய்யவில்லை. அவன்தான் கருவிக்கு வேலை செய்கிறான். மனிதனின் உழைப்பில் பிறக்கும் மதிப்பு, பொருளுக்குள் தானாகவே குடியிருப்பதுபோல் தோன்றும் மாயத்தை மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் அத்தியாயத்திலேயே தோலுரித்துக் காட்டினார். 'உயிர் லென்ஸில் இருக்கிறது' என்று ஒரு கல்யாணப் படக்காரர் நம்புவது அந்த மாயத்தின் பல்லாவரத்துப் பதிப்பு.

அந்த ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸ் என்ன செய்கிறது என்றும் கேட்டுவிடுவோம். துவாரத்தை அகலத் திறந்து, முகத்தை மட்டும் கூர்மையாக வைத்து, பின்னால் உள்ளதை எல்லாம் வெண்ணெய்போல் கரைத்துவிடுகிறது. கரைந்துபோவது வெறும் சுவரா? நாதஸ்வரக்காரர் கரைகிறார். இலை எடுக்கும் அம்மாள் கரைகிறாள். மணப்பெண்ணின் தாயே சில படங்களில் ஒரு மஞ்சள் புகையாகத்தான் நிற்கிறாள். மனிதனை அவனைச் சுற்றியுள்ளவர்களிடமிருந்து அறுத்துத் தனியே தொங்கவிடுவதற்கு இத்தனை விலை!

குழியில் கிடந்த கல்

சரி, பெரியவர் சொன்னதுதான் சரியோ? கருவி பொய், பார்வையே மெய் என்று கைகட்டிக்கொள்ளலாமா?

பல்லாவரத்துக்காரர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 1863 மே 30-ஆம் தேதி, இந்திய நிலவியல் துறை அதிகாரி ராபர்ட் புரூஸ் ஃபுட், இந்த ஊர்ப் பரேட் மைதானத்தின் பக்கம் சரளை தோண்டிய ஒரு குழியில் செதுக்கிய கல் ஒன்றை எடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கைக்கோடரி அது. அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் கணித்துச் சொன்னார்கள். ஆக, 'கருவியில் என்ன இருக்கிறது' என்று ஏளனம் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் இந்தத் தேசத்தில் கிடையாது. கருவி செய்து செய்துதான் கை கையாயிற்று, கை வளர வளரத்தான் மூளை வளர்ந்தது என்று ஏங்கல்ஸ் 1876-ல் எழுதினார். கருவியை இகழ்கிறவன் தன் கையையே இகழ்கிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குழியை ஃபுட் தோண்டவில்லை. கூலிக்காரர்கள் தோண்டினார்கள். அந்தக் கல் அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அவர்களுக்கு அது சரளை, ஃபுட்டுக்கு அது ஆயுதம். இது உள்ளொளியா? நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1859-ல், பிரான்ஸில் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவைதான் என்று இங்கிலாந்தின் விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி ஃபுட்டின் கண்ணுக்கு எட்டியிருந்தது. மண்வெட்டி பிடித்தவர் கண்ணுக்கு எட்டவிடவில்லை. பார்வை வானத்திலிருந்து இறங்குவதல்ல. அதுவும் உற்பத்தியாகிறது. யாருக்குப் படிப்பு, யாருக்கு ஓய்வு, யாருக்கு மண்வெட்டி என்ற பங்கீட்டில்தான் பார்வையும் பங்கிடப்படுகிறது. மனிதனின் ஐம்புலன்களுமே வரலாற்றின் வேலைப்பாடு என்று இளம் மார்க்ஸ் 1844-லேயே குறித்து வைத்தார்.

'கலைஞனின் பார்வை' என்று சொல்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. எந்தக் கலைஞன்? எங்கே நின்று பார்க்கிறான்?

பஞ்சத்தைப் பார்த்த துரை

சென்னை ராஜதானியில் 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டார்கள். அப்போது சென்னைக் குதிரைப்படையில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்றொரு துரை இருந்தார். அக்காலத்துக்கு உயர்ந்த காமிரா, கண்ணாடிப் பிளேட்டு, தேர்ந்த கை எல்லாம் அவரிடம் இருந்தன. பட்டினியால் எலும்புக்கூடான ஆண், பெண், குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படம் எடுத்தார். விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி அவ்வளவு துல்லியம். தொழில் நுணுக்கத்தில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் பாருங்கள், அந்தப் படங்களில் ஒரு முகத்துக்கும் பெயர் இல்லை. அரிசி வண்டி எந்தத் துறைமுகத்துக்குப் போயிற்று என்ற கேள்வியும் இல்லை. மியூசியத்தில் மாதிரிகளை அடுக்குவதுபோல மனிதர்களை அடுக்கியிருக்கிறார். 'இந்தியாவின் மக்கள்' என்ற பெயரில் 1868 முதல் 1875 வரை சர்க்கார் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ஜாதிவாரிப் பட்டியலுக்கும் இவர் படங்கள் உதவின. ஆளுகிறவன் கண்ணுக்கு ஆளப்படுகிறவன் ஓர் இனம், ஒரு மாதிரி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அந்தக் கண் எங்கே போய் முடிந்தது? பர்மாவைப் பிடித்தபின், 1886-ல், மாந்தலேயில் கைதிகளைச் சுட்டுக்கொல்லும் வேளையில் இதே ஹூப்பர் காமிராவை நிறுத்தி, குண்டு பாயும் கணத்தைப் பிடிக்க முயன்றார். லண்டன் பத்திரிகையில் செய்தி வெளியாகி, பார்லிமெண்டில் கேள்வி எழுந்து, விசாரணை நடந்தது. வெள்ளைக்காரர்களுக்கே பொறுக்கவில்லை! காமிராவில் கோளாறா? இல்லை. காமிரா செவ்வனே வேலை செய்தது.

கோழிக்கூட்டில் பிறந்த கலை

'சர்க்கார் உத்தியோகஸ்தனை உதாரணம் காட்டுவது நியாயமா? உண்மையான கலைஞரைச் சொல்லும்' என்பீர்கள். சொல்கிறேன். முகப் படக் கலையில் பார்வையே பிரதானம் என்று சாதிப்பவர்கள் முதலில் கைகாட்டும் பெயர் ஜூலியா மார்கரெட் காமெரான். 1815-ல் கல்கத்தாவில் பிறந்த அம்மையார். நமது கைக்கோடரி கிடைத்த அதே 1863-ஆம் ஆண்டின் இறுதியில், 48 வயதில், மகள் பரிசளித்த காமிராவைக் கையில் எடுத்தார். கரி அறையை இருட்டறையாக்கினார், கோழிக்கூட்டைக் காலி செய்து ஸ்டூடியோவாக்கினார். அவர் படங்களில் கூர்மை இல்லை, பிளேட்டில் கீறலும் கைரேகையும் இருக்கின்றன என்று அன்றைய போட்டோ பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் அசரவில்லை. ஹெர்ஷல், டென்னிசன், டார்வின் முதலியோரின் முகங்களை இருட்டிலிருந்து எழும் பெரும் உருவங்களாக எடுத்தார். ஹெர்ஷலின் முதிய முகத்தைப் பார்த்தால் இன்றும் மனம் நின்றுவிடுகிறது. அதை மறுக்கிறவன் கண்ணில்லாதவன். லென்ஸ் கம்பெனிக்காரர்களின் வாயை அடைக்க அந்த ஒரு படம் போதும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அம்மையாரின் கணவர் சார்லஸ் ஹே காமெரான், இலங்கையின் ஆட்சி முறையை மாற்றியமைத்த கோல்புரூக்–காமெரான் கமிஷனில் பாதி. அங்கே காப்பித் தோட்ட நிலங்களும் வாங்கிப் போட்டவர். 1875-ல் தம்பதிகள் இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். 1879-ல் அம்மையார் அங்கேயே இறந்தார். அந்த ஆண்டுகளில் அவர் எடுத்ததில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று இருக்கின்றன. தோட்டத்தில் உழைத்தவர்கள், களுத்துறைப் பக்கத்துக் கிராமத்தார் முதலியோர் அவற்றில் இருக்கிறார்கள். அந்தக் காப்பித் தோட்டங்களின் உழைப்பாளிகள் யார்? தமிழ்நாட்டின் தரிசுக் கிராமங்களிலிருந்து கங்காணி ஓட்டிக்கொண்டு போன நம்மவர்கள்.

அதே கண், அதே கை. ஆனால் டென்னிசனுக்குப் பெயர் உண்டு, டார்வினுக்குப் பெயர் உண்டு. இங்கே 'குடியானவர் கூட்டம்' என்று ஒரு தலைப்பு, அவ்வளவுதான். அவரைப் போய்ப் பார்த்த ஓவியர் மரியன் நார்த் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். ஓர் ஆளின் முதுகழகில் மயங்கிய அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமும் இல்லை, அவனுக்குத் தோட்ட வேலை என்றால் என்னவென்றும் தெரியாது! நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கிலாந்தில் மேதையின் நெற்றியில் ஆன்மாவைக் கண்ட அந்தக் கண், இலங்கையில் கூலியாளிடம் கண்டது முதுகு.

காமெரான் அம்மையார் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஹூப்பரோடு அவரை ஒரே கூண்டில் ஏற்றுவது அநியாயம். உயர்ந்த கலைப்பார்வைகூடத் தோட்டத்து வேலியைத் தாண்ட முடியாமல் நின்ற இடம் எது என்றுதான் காட்டுகிறேன்.

மேதினிப்பூரில் இருவர்

வேலியைத் தாண்டிய கண்ணுக்கும் உதாரணம் உண்டு. 1943 வங்கப் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேரின் சாவு. கல்கத்தாவில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த சுனில் ஜனா என்ற இளைஞரைப் பி.சி. ஜோஷி படிப்பை விட்டுவிட்டு வரச்சொன்னார். ஓவியர் சித்தபிரசாதும் அந்தப் பஞ்சப் பிரதேசங்களில் நடந்தார். ஒருவர் கையில் காமிரா. மற்றவர் கையில் மைக்கூடும் தூரிகையும்.

இந்த ஜோடிதான் நம் விவாதத்துக்குத் தீர்ப்பு. கருவியே எல்லாம் என்றால் இருவர் படைப்பும் வேறு வேறாக இருக்க வேண்டும். இல்லையே! இருவரும் பட்டினியை விதியென்று காட்டவில்லை, பதுக்கலென்றும் ஆட்சியின் குற்றமென்றும் காட்டினார்கள். சித்தபிரசாத் தாம் வரைந்த முகத்தோடு ஆளின் பெயரை எழுதினார், கிராமத்தை எழுதினார், அவருக்கு என்ன நேர்ந்தது என்றும் எழுதினார். ஹூப்பரின் அடுக்கி வைத்த எலும்புகளுக்கும் இந்த வரைபடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை எந்த லென்ஸாலும் அளக்க முடியாது. வெள்ளை சர்க்கார் அவருடைய 'பசித்த வங்கம்' என்ற புத்தகத்தைப் பறித்து எரித்தது. தூரிகைக்குப் பயந்தா எரித்தார்கள்?

ஜனாவின் படங்கள் கட்சிப் பத்திரிகையில் வெளியாகி நாடெங்கும் போயின. 1946-ல் அமெரிக்க 'லைஃப்' பத்திரிகையின் புகழ்பெற்ற படக்காரர் மார்கரெட் பர்க்–வைட் தென்னாட்டுப் பஞ்சத்தைப் படமெடுக்க வந்தபோது ஜனாவும் உடன் சுற்றினார். பர்க்–வைட்டின் பின்னால் ஒரு பெரும் பத்திரிகை முதலாளியின் பணமும் சாதனங்களும் நின்றன. ஜனாவின் பின்னால் நின்றது ஒரு கம்யூன் சாப்பாடு. இன்று இருவர் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசப்படுகின்றன. (1948-க்குப் பிறகு கட்சிக்கும் ஜனாவுக்கும் உறவு கசந்தது. அது நமக்குப் பெருமை தரும் அத்தியாயமல்ல. மறைக்க வேண்டியதுமில்லை.)

அதனால் கருவி வேண்டாமா?

வேண்டும்! இங்கேதான் பெரியவரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. ஹூப்பர் காலத்துக் காமிராவை முக்காலியில் நிறுத்தி, எதிரே உள்ளவரை அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு ஓடும் காமிராவும் வேகமான பிலிமும் வந்த பிறகுதான் ஜனா போன்றவர்கள் மக்களோடு நடந்துகொண்டே எடுக்க முடிந்தது. அந்தச் சுதந்திரத்தைத் தொழிலாளர்கள் தொழிற்சாலையில் செய்து கொடுத்தார்கள்.

கருவிக்குள் ஆண்டையின் கண் ஒளிந்திருப்பதும் உண்டு. கோடாக் கம்பெனி பல பத்தாண்டுகள் தன் கலர் பிலிமையும் பிரிண்டையும் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்துத்தான் சரிபார்த்தது. கறுத்த தோலில் பாதி விவரம் இருட்டில் முழுகிற்று. அதைக் கறுத்த மக்கள் சொன்னபோது கம்பெனி கேட்கவில்லை, சாக்லேட், மரச்சாமான் வியாபாரிகள் தங்கள் சரக்கின் நிறம் சரியாக வரவில்லை என்றபோது காது கொடுத்தது என்பது பிரசித்தமான கதை. நம் ஸ்டூடியோக்களில் பென்சிலால் நெகட்டிவைத் தொட்டுத் தொட்டுத் தமிழனை வெளுக்க வைத்த 'டச்சிங்' வேலையும், இன்று செல்போன் தானாகவே பூசிவிடும் பவுடரும் அந்த வம்சத்தில் வந்தவைதான். 'தீப்பெட்டி போதும்' என்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. கருவி யாருடைய அளவுக்கு அடிக்கப்பட்டது என்று கேட்காமல் அதைப் புறக்கணிப்பதும் ஒருவகைச் சரணாகதிதான்.

நாமே பிலிம் செய்த காலமும் ஒன்று இருந்தது. உதகமண்டலத்தில் பொதுத்துறையில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் உற்பத்தி செய்தது. 'இந்து' என்ற பெயரில் அது விற்ற பிலிமும் காகிதமும் ஊரூராகச் சின்ன ஸ்டூடியோக்களுக்குக் கை கொடுத்தன. இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்ட 1990-களில் அது நலிந்த ஆலையாகி, பின்பு மூடப்பட்டது. டிஜிட்டல் வந்து பிலிமைக் கொன்றது உண்மை. ஆனால் வேறு தேசங்களின் கம்பெனிகள் தொழிலை மாற்றிக்கொண்டு பிழைத்தன, நம் ஆலைக்கு மாறிக்கொள்ள முதலும் கொடுக்கவில்லை, அவகாசமும் கொடுக்கவில்லை. அதன் பலன், பல்லாவரத்துப் படக்காரர் தவணை கட்டுவது அயல்நாட்டுக் கம்பெனிக்கு.

என் யோசனை சின்னதுதான். ஊருக்கு இருபது படக்காரர்கள் இருந்தால் இருபது பேரும் தனித்தனியே அந்த லென்ஸைக் கடனில் வாங்க வேண்டிய அவசியமென்ன? சங்கமாகச் சேர்ந்து இரண்டு வாங்கி, முறைபோட்டுப் பயன்படுத்தட்டும். குறைந்தபட்சக் கூலி இது என்று சேர்ந்து அறிவிக்கட்டும். நண்பரிடம் சொன்னேன். "முகூர்த்தம் எல்லாருக்கும் ஒரே நாள்ல வருமே தோழர்" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, நான் தோற்ற கதை. நாகல்கேணிப் பக்கம் தோல் ஷாப்பில் பல ஆண்டு உழைத்த ஒரு பெரியவரை அதே நண்பரைக் கொண்டு படம் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். சுண்ணாம்புத் தொட்டியின் பக்கத்தில், வெந்துபோன கைகள் தெரிய, பின்னணி கரையாமல் எடுக்க வேண்டும் என்பது என் திட்டம். பெரியவர் மறுத்துவிட்டார்.

"அந்த நாத்தத்தை எதுக்குத் தம்பி படத்துல வைக்கணும்? தெனம் அதுலதானே கெடக்கறேன். எம் பேத்தி பாக்கணும். சலவைச் சட்டை போட்டுக்கறேன், நாற்காலியில உக்காரவச்சு எடுங்க" என்றார்.

கேமராவைப் பற்றி ஒரு பொய், கலைஞனைப் பற்றி ஒரு பொய் என்று இத்தனை பத்தி எழுதியவன், எதிரே உட்காருகிறவருக்கும் ஒரு பார்வை உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். நம் பத்திரிகைகளில் வரும் போராட்டப் படங்களுக்குக் கீழும் 'தொழிலாளர்கள்' என்றுதானே போடுகிறோம்? ஹூப்பரைத் திட்டிவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டக் கூச்சமாக இருக்கிறது.

நண்பர் ஸ்டூடியோவின் புது லென்ஸை எடுக்கவில்லை. வாசல் கதவைத் திறந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். பெரியவர் கைகளை எங்கே வைப்பதென்று கேட்டார். "உங்க இஷ்டம் ஐயா" என்றார் நண்பர். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, இரண்டு கைகளையும் தொடைமேல், விரல்கள் முழுக்கத் தெரியும்படி, தானாகவே விரித்து வைத்துக்கொண்டார்.